எப்ப எடுக்கறாங்க?

பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே போனைத் தடவுகிற பழக்கம் சங்கமித்ராவுக்கு உண்டு. பல்லையாவது ஒழுங்காகத் தேயேன் என்று சொல்ல அன்றைக்கு வீட்டில் ஆளும் இல்லை. புருஷன் நரேஷ் ஆபீஸ் வேலையாகப் புனே போயிருந்தான். சனிக்கிழமை காலை. 'தங்கவயல் சொந்தங்கள்' வாட்ஸ்அப் குரூப்பில் விடிந்ததிலிருந்து ஏகப்பட்ட மெசேஜ் குவிந்து கிடந்தது. எவனாவது கட்சிச் சண்டை போட்டிருப்பான் என்று நினைத்து மேலே தள்ளிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் மேலே அண்ணன் படம் இருந்தது.

ஜெயராஜ். கூடப் பிறந்த ஒரே அண்ணன். நாற்காலியில் சாய்ந்திருக்கிறான். கழுத்து நிறைய மாலை. கண் மூடியிருக்கிறது. கீழே, அவனோடு ஹெப்பகோடி கம்பெனியில் வேலை பார்க்கும் க்ளென் எழுதியிருக்கிறான்: 'நம்ம ஜெயராஜ் அண்ணன்.' பக்கத்தில் ஒரு கூப்பிய கை. அதற்கு அடுத்த மெசேஜே 'ஆர்.ஐ.பி.' அதற்கப்புறம் கோலாரிலிருந்து குவைத் வரைக்கும் ஆர்.ஐ.பி.தான். ஒப்பாரிக்கு நடுவில் ஒரு புண்ணியவான் மாலூரில் பிளாட் விற்பனைக்கு இருக்கிறது என்று விளம்பரமும் போட்டிருந்தான்.

பேஸ்ட்டை அப்படியே விழுங்கிவிட்டாள்.

வெளியாளுக்கு இது புரியாமல் போகலாம். வட ஆற்காட்டிலிருந்து தங்கச் சுரங்கத்துக்கு வந்த ஜனங்களில் பல வீடுகளில் செத்தவரைப் படுக்க வைக்க மாட்டார்கள். நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, வருகிறவர்கள் முகம் பார்க்கும்படி வைப்பார்கள். சங்கமித்ராவின் அப்பாவையும் அப்படித்தான் வைத்தார்கள், அம்மாவையும் அப்படித்தான். ஆகவே நாற்காலி, மாலை, மூடிய கண் மூன்றையும் சேர்த்துப் பார்த்த தங்கவயல்காரன் ஒருத்தனுக்கும் சந்தேகமே வரவில்லை. 'எப்படி ஆச்சு?' என்று ஒருத்தனாவது கேட்டானா? கேட்டால்தானே! கட்டை விரல் இருக்கிறது, அமுக்கினான், போனான்.

கட்டை விரல் என்றதும் இவர்கள் சண்டையைச் சொல்லிவிட வேண்டும். ரெண்டு வருஷமாக அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அம்மாவின் நினைவு நாளுக்கு முந்தின நாள் குடும்ப குரூப்பில் ஜெயராஜ் நீளமாக எழுதியிருந்தான். அம்மா எத்தனை பாடுபட்டாள், நாளைக்கு எல்லாரும் வீட்டுக்கு வந்து புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும் என்று அழுதுகொண்டே எழுதினது அது. வைட்ஃபீல்டில் மீட்டிங்கில் இருந்த சங்கமித்ரா, சரி வந்துவிடுகிறேன் என்கிற அர்த்தத்தில் ஒரு கட்டை விரலைத் தட்டிவிட்டாள். ஆபீஸில் நாள் முழுக்க அதைத்தான் தட்டுகிறாள். பாஸுக்கே தட்டுகிறாள். ஆனால் ஜெயராஜுக்குக் கட்டை விரலை ஆட்டினால் 'போடா, உனக்குப் பெப்பே' என்றுதான் சின்ன வயசிலிருந்து அர்த்தம்.

'பெத்த தாய்க்கே கட்டை விரல் காட்டுறியா' என்று எழுதினான். இவள் பதில் எழுத, அவன் பதிலுக்கு எழுத, பத்து நிமிஷத்தில் முப்பது வருஷத்துக் கதையெல்லாம் வெளியே வந்தது. 'ஃப்ளாட் வாங்கினதும் அண்ணன் அழுக்காயிட்டான்' என்று அவன் எழுதினான். 'படிக்க வெச்சதுக்கு எத்தனை தடவை பில்லு குடுப்ப' என்று இவள் எழுதினாள். அதை எழுதியிருக்கவே கூடாது. ஒருத்தர் குரலை ஒருத்தர் கேட்டிருந்தால் ரெண்டாவது வாக்கியத்திலேயே அடங்கியிருக்கும். கேட்கவில்லை. இவள் பிளாக் செய்தாள். அவன் குரூப்பை விட்டே போனான்.

இப்போது பிளாக்கை எடுத்துவிட்டு அவன் நம்பரைப் போட்டாள். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் கன்னடத்தில் இனிமையாகச் சொன்னது. திரும்பத் திரும்பப் போட்டாள். அது திரும்பத் திரும்ப இனிமையாகவே சொன்னது. நம்பரை எப்போது மாற்றினான்? யாரிடம் கொடுத்தான்? கூடப் பிறந்தவளுக்குத் தெரியவில்லை.

க்ளென்னுக்கு அடித்தாள். சுவிட்ச் ஆஃப். ஷிப்டுக்குள் நுழையும்போது போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், அந்தக் கம்பெனியின் சட்டம் அப்படி. அடுத்து குரூப்புக்கு அட்மின் கணேசமூர்த்தி, தங்கவயலில் ரிட்டயர்டு வாத்தியார்.

"சார், நான் சங்கமித்ரா. அண்ணனுக்கு என்ன சார் ஆச்சு?"

"இன்னாம்மா சொல்றது. தங்கமான மனுஷன்."

"எப்ப சார்? எங்க?"

"க்ளென்தான் போட்டிருந்தான். ஹார்ட் அட்டாக்குன்னு யாரோ போட்டாங்களே."

"யாரு சார் போட்டாங்க?"

"கீழ எங்கியோ இருக்கும்மா, நான் இன்னும் முழுசாப் படிக்கல." தொண்டையைச் செருமினார். "உங்கிட்டதான் கேக்கணும்னு இருந்தேன். எப்ப எடுக்கறாங்க?"

பிணத்தை எப்போது எடுக்கிறார்கள் என்று ஊரே கேட்கும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் சங்கமித்ரா. தெரியாது சார் என்று சொல்லாமலே போனை வைத்துவிட்டாள். கையில் கிடைத்த சுடிதாரை மாட்டிக்கொண்டு, தலையைக்கூட வாராமல், கேப் புக் செய்து கீழே ஓடினாள்.

வைட்ஃபீல்டிலிருந்து ஹெப்பகோடி போவது என்பது பெங்களூரில் ஒரு யாத்திரை. சர்ஜாபுரம் ரோட்டில் வண்டி நகர்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். "ட்ராஃபிக் தும்பா இதே மேடம்," ரொம்ப ட்ராஃபிக் என்று டிரைவர் அவளைச் சமாதானப்படுத்துவதுபோல் சொல்லிவிட்டு, கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

அவள் மனம் கண்டபடி ஓடியது. தனியாகத்தானே இருந்தான். அண்ணி போனதிலிருந்து அந்த ஒற்றை அறையில் தனியாகத்தான். நெஞ்சு வலித்தபோது யாரைக் கூப்பிட்டான்? தன் நம்பரைத் தேடியிருப்பானோ? தேடி அடித்திருந்தாலும் இவள் போனில் மணி அடித்திருக்காது, இவள்தான் கதவைச் சாத்தி வைத்திருந்தாளே. இந்த எண்ணம் வந்ததும் ஜன்னலை இறக்கச் சொன்னாள். புகைதான் உள்ளே வந்தது.

போனை விட முடிகிறதா? அதுவும் முடியவில்லை. விவரம் அதில்தானே வர வேண்டும். 'உங்கள் சிரித்த முகத்தை மறக்க முடியாது அண்ணா' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். ஜெயராஜ் போட்டோவுக்குக்கூட சிரிக்க மாட்டான், சிடுமூஞ்சி. 'தங்கை சங்கமித்ரா அக்காவுக்கு ஆழ்ந்த இரங்கல்' என்று இன்னொருவன். அதைப் பார்த்த பிறகு மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விட்டது. இத்தனை பேர் பொய்யா சொல்வார்கள்? அவர்களுக்கோ, சங்கமித்ரா மறுத்து ஒன்றும் எழுதாததே பெரிய அத்தாட்சி. ஆக அவர்களைப் பார்த்து இவள் நம்பினாள், இவளைப் பார்த்து அவர்கள் நம்பினார்கள். கூத்தைப் பாருங்கள்.

'யாருக்காவது விவரம் தெரியுமா? ப்ளீஸ்' என்று எழுதினாள். உடனே ஓசூரில் இருக்கும் அத்தை பெண் ரூபினி ஏதோ டைப் செய்வதாகக் காட்டியது. ரூபினிக்குத் தெரிந்திருக்கும். ஹெப்பகோடிக்கு ஓசூர் பக்கம்தானே. சங்கமித்ரா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். டைப் செய்கிறாள், நிறுத்துகிறாள், மறுபடி செய்கிறாள்.

அந்த நேரம் பார்த்து டிங் டிங்கென்று அபார்ட்மெண்ட் கேட் ஆப் வந்து திரை முழுக்க மறைத்துக்கொண்டது. வாசலில் யார் வந்தாலும் வாட்ச்மேன் அதில் தகவல் அனுப்புவான். பச்சையை அமுக்கினால் உள்ளே விடுவான், சிவப்பை அமுக்கினால் திருப்பி அனுப்பிவிடுவான். இருக்கிற நிலைமையில் டெலிவரி ஒன்றுதான் குறைச்சல்! சிவப்பை அமுக்கித் தள்ளினாள். ரூபினியின் மெசேஜ் வந்துவிட்டிருந்தது. ரெண்டு மெழுகுவத்தி, ஒரு ரோஜாப்பூ.

"அடிப்பாவி," என்றாள் சங்கமித்ரா வாய்விட்டு. டிரைவர் திரும்பிப் பார்த்தான்.

ஹெப்பகோடியில் அண்ணன் இருக்கும் தெரு முனையில் வண்டி திரும்பியதும் அவள் முதலில் பார்த்தது ஷாமியானா. தெருவை அடைத்துப் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றில் வேட்டி கட்டிய ஆட்கள். வண்டியிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அதுவரைக்கும் உள்ளுக்குள் ஏதோ ஒரு மூலையில், இருக்காது, இருக்காது என்று ஒன்று முனகிக்கொண்டிருந்தது. அது அடங்கிப்போனது.

பிறகுதான் வாழைமரம் கண்ணில் பட்டது. ஒலிபெருக்கியில் குத்துப்பாட்டு. எதிரில் வந்த பெண்ணிடம் கன்னடத்தில் கேட்டாள். நாமகரணம், குழந்தைக்குப் பேர் வைக்கிறார்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள் அவள்.

ஷாமியானாவைத் தாண்டி ஓடினாள். அண்ணன் வீட்டு வாசலில் ஒரு குருவியும் இல்லை. கதவில் பூட்டு தொங்கியது. சாவு வீட்டை யாராவது பூட்டுவார்களா? அப்படியானால் ஆஸ்பத்திரியிலா? இல்லை, தங்கவயலுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்களா? அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுமா? பூட்டைப் பிடித்து இழுத்தாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா அது? பூட்டை ஒடைக்கறதுக்கா வந்துகீற?"

பக்கத்து வீட்டு முத்தம்மா. கையில் பாதி நறுக்கிய அவரைக்காய்த் தட்டு.

"எங்க அண்ணன்..." சங்கமித்ராவின் கை பூட்டை விடவில்லை.

முத்தம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீதானா அந்தத் தங்கச்சி?" தட்டைத் திண்டில் வைத்தாள். "ஒண்ணும் ஆவல தாயி. நல்லாத்தான் கீறாரு. மொதல்ல ஒக்காரு."

"இருக்காரா?"

"இருக்காரு, இருக்காரு. நேத்து அவருக்கு ரிட்டயர்மெண்டு. கம்பெனில ஒக்கார வெச்சு மாலை போட்டாங்களாம். மனுஷன் கண்ணைச் சிமிட்டற நேரம் பாத்து படம் புடிச்சிருக்கான் அந்த க்ளென் பையன். அதைப் போட்டுட்டு அவன் ஷிப்டுக்குப் போய்ட்டான். விடிஞ்சதுலருந்து என் போனுக்கு ஒரே பேஜார். சொந்தக்காரங்க யாரோ என் நம்பரை எங்கியோ புடிச்சி, எப்ப எடுக்கறாங்க, எப்ப எடுக்கறாங்கன்னு உயிரை எடுக்கறாங்க. ஒரு போனை உங்க அண்ணங்கிட்டயே குடுத்துட்டேன். இன்னா சொன்னாரு தெரியுமா? 'யாரும் எடுக்கல சாமி, நானே எந்திரிச்சிட்டேன்'னாரு!"

முத்தம்மா சிரித்தாள். சங்கமித்ரா திண்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சிரிப்பும் அழுகையுமாக மூக்கு ஒழுகியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"இப்ப எங்க போயிருக்காரு?"

"உன் வூட்டுக்குத்தான். வேற எங்க? பழைய போன் தண்ணில வுழுந்து போச்சு, உன் நம்பரும் அதோட போச்சு. இப்ப பட்டன் போனுதான், நம்பரும் புதுசு. 'என் தங்கச்சி இதைப் பாத்தா தாங்க மாட்டா முத்தம்மா, போய் மூஞ்சியைக் காட்டிட்டு வந்துடறேன்'னாரு. காபிகூட குடிக்கல. நேத்து குடுத்த புதுச் சட்டையைப் போட்டுக்கினு கெளம்பிட்டாரு. நீ பாக்கலியா அவரை?"

சங்கமித்ராவின் அழுகை சட்டென்று நின்றது.

போனை எடுத்தாள். கேட் ஆப்பைத் திறந்தாள். அன்றைய வருகைகளில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெயர், ஜெயராஜ். விருந்தாளி. வாட்ச்மேன் பிடித்து அனுப்பிய படம். புதுச் சட்டையின் மடிப்புகூடக் கலையவில்லை. தலை நன்றாக நரைத்திருந்தது. கையில் ஒரு மஞ்சள் பை. கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு, சிரிக்கவே தெரியாத அந்த மனுஷன் சிரிக்க முயற்சி செய்திருந்தான். அண்ணன் உயிரோடு இருப்பதை அவள் கண்ணால் பார்த்தது அந்தப் படத்தில்தான். அதன் குறுக்கே சிவப்பில், அனுமதி மறுக்கப்பட்டது.

"இன்னாம்மா ஆச்சு?" என்றாள் முத்தம்மா.

"அவருக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க. சீக்கிரம்."

மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்தான். பின்னால் பஸ் இரைச்சல்.

"அண்ணா, நான்தான். உன் வீட்டு வாசல்ல இருக்கேன்."

"நான் உயிரோட கீறேன்னு சொல்லத்தான் வந்தேன்," என்றான் ஜெயராஜ். குரல் மெதுவாக, ரொம்ப மரியாதையாக இருந்தது. அந்த மரியாதைதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "வாட்ச்மேன் பையன் நல்ல பையன். ஒக்கார சேர் குடுத்தான். அப்புறம், மேடம் பேடா அந்த்ரு, வேண்டாம்னுட்டாங்கன்னு சொன்னான். இன்னொரு தரம் கேளுப்பான்னேன். கேக்க முடியாது சார்னான். சரி, உனக்கு வேண்டாம்னா வேண்டாம். அதுல தப்பு இல்ல."

"ஐயோ அண்ணா, நான் பாக்கல! உன்னைத் தேடித்தான் வந்துட்டிருந்தேன். அது நீன்னு தெரியாது. பாக்காமதான் அமுக்கிட்டேன்."

"பாக்கலன்னுதான் நானும் சொல்றேன்," என்றான் அவன். போன் நின்றுவிட்டது.

மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

"வந்துடுவாரு. இந்த வூட்டை வுட்டா அவருக்கு வேற போக்கிடம் ஏது?" என்று முத்தம்மா டீ போட உள்ளே போனாள். சங்கமித்ராவுக்கு அந்தத் தைரியம் இல்லை. காலையிலிருந்து அண்ணன் இருக்கிறானா என்று பயந்தாள். இப்போது இருக்கிறான். இருக்கிறவன் வருவானா, வந்தால் முகம் கொடுப்பானா என்கிற இந்தப் பயம் அதைவிட மோசமாக இருந்தது. செத்தவனிடம் அழுதால் போதும். உயிரோடு இருப்பவனிடம் பதில் சொல்ல வேண்டுமே.

'அண்ணன் நலமாக இருக்கிறார். அது ரிட்டயர்மெண்ட் படம்' என்று குரூப்பில் எழுதினாள். ஏழெட்டுக் கட்டை விரல் வந்தது. ஒருவர் அண்ணன் நூறாண்டு வாழ்க என்றார். அதற்கும் கீழே வந்த ஆள் மேலே எதையும் படிக்காமல் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டார். சங்கமித்ரா போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

நாமகரண வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது. முத்தம்மா கொடுத்த டீ ஆறி ஆடை படிந்தது. தெருமுனையில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தாள். என்ன சொல்வது? மன்னிச்சுக்கோ என்றால் எதற்கு? இன்றைக்கு அமுக்கியதற்கா, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியதற்கா? ஒவ்வொரு வாக்கியமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் அவன் முன்னால் நிற்கும் என்று தோன்றவில்லை.

ஜெயராஜ் நடந்துதான் வந்தான். ஷாமியானாவுக்குள் யாரோ சாப்பிடக் கூப்பிட, கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டு வந்தான். புதுச் சட்டை முதுகில் வியர்வையில் ஒட்டியிருந்தது. மஞ்சள் பை கையிலேயே இருந்தது. அவளைப் பார்த்தான். நடை நிற்கவில்லை, வேகமும் கூடவில்லை. அவளைத் தாண்டிப் போய்க் கதவருகே நின்று சட்டைப் பையில் சாவியைத் துழாவினான்.

சொல்லிப் பார்த்த வாக்கியமெல்லாம் சங்கமித்ராவுக்கு மறந்துபோனது.

சாவி கிடைத்தது. பூட்டில் போடாமல் அவள் பக்கம் திரும்பினான்.

"யாரைப் பாக்கணும்?" என்றான்.

விளையாட்டா வினையா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முத்தம்மா தன் வாசலில் வந்து நின்றாள்.

"ஜெயராஜுன்னு... எங்க அண்ணன்."

"அவன் போய்ட்டானாமே. உங்க குரூப்புல போட்டாங்களாம்."

"அவங்க போடுவாங்க. நான் நேர்ல பாத்தாத்தான் நம்புவேன்."

"நேர்ல பாக்கறதுக்கு இத்தினி நாளாச்சா உனக்கு?"

"ஆச்சுண்ணா," என்றாள். "கேட்டுல நிக்க வெச்சுட்டேன் உன்னை. எவ்வளவு நேரம் வேணும்னாலும் நானும் இங்க நிக்கறேன். சொல்லு."

ஜெயராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வாராத தலை, மாற்றிப் போட்ட துப்பட்டா, கன்னத்தில் காய்ந்துபோயிருந்த பேஸ்ட்டு. அவன் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சட்டென்று கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான். பூட்டைத் திறக்க வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. தோளால் கதவைத் தள்ளி உள்ளே போனான். வா என்று சொல்லவில்லை.

அவள் படியிலேயே நின்றாள். உள்ளே டம்ளர் உருளும் சத்தம், பானையில் தண்ணீர் மொள்ளும் சத்தம். பிறகு அந்தப் பழைய சிடுசிடுப்பான குரல்:

"செருப்பை உள்ள எடுத்துக்கினு வா. வெளிய வுட்டா நாய் தூக்கிட்டுப் போயிடும்."